இன்ஜினை மூடிவிட்டுப் பலகையை விரியுங்கள்: சாம்பியன்கள் கணினியோடு ஆடிய ஆட்டங்களைப் படிக்கும் முறை

என்னிடம் செஸ் கற்க வந்த பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி ஒரு நாள் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "சார், காஸ்பரோவ் இந்த இடத்தில் 1.4 பின்தங்கியிருக்கிறார்" என்றாள். முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் கணினியோடு ஆடிய ஆட்டம் ஒன்று திரையில் இருந்தது. நிலையைக் கணக்கிட்டு யார் எவ்வளவு மேல் என்று எண்ணாகக் காட்டும் செஸ் நிரலைத்தான் இன்ஜின் என்கிறோம்; 1.4 என்றால் ஏறக்குறைய ஒன்றரைச் சிப்பாய் அளவு பின்தங்கல். "எதனால் பின்தங்கியிருக்கிறார்?" என்று கேட்டேன். மறுபடியும் திரையைப் பார்த்தாள். "அவருடைய எந்தக் காய் மோசமாக நிற்கிறது?" என்றேன். அதற்கும் திரையைத்தான் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். நான் கேட்டதைவிடக் கடினமான கேள்விகளுக்கெல்லாம் போட்டிகளில் பதில் கண்டவள். கையில் அந்த எண் இருந்ததால் தன் கண்ணை நம்புவதை நிறுத்தியிருந்தாள்.

அன்று கைப்பேசியை வாங்கி மேசை அறையில் வைத்துவிட்டு, அதே ஆட்டத்தை மரப்பலகையில் முதல் நகர்த்தலிலிருந்து அவளோடு ஆடிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு இந்த ஆட்டங்களைப் பல மாணவர்களோடு திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எப்படிப் படித்தால் மனத்தில் தங்குகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கே தெளிவானது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். காய்களின் நகர்வு தெரிந்து, ஒரு ஐம்பது ஆட்டமாவது ஆடிய யாரும் இதைப் பின்பற்றலாம்.

கட்டங்களின் பெயர்களை ஒலிப்படியே எழுதுகிறேன். வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடது ஓரத்து வரிசை ஏ, வலது ஓரத்து வரிசை எச். குறுக்குக் கோட்டில் போகும் காயை மந்திரி என்றும், நேர்கோட்டில் போவதை யானை என்றும் குறிப்பிடுகிறேன்.

தேவையானவை

உண்மையான பலகை, காய்கள், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், ஆட்டக்குறிப்பை மறைக்க ஒரு பாதித்தாள். ஆட்டக்குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே அச்சிட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான பிரதிகளில் நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறியும் தவறுக்குக் கேள்விக்குறியும் போட்டிருப்பார்கள். அந்தக் குறியைப் பார்த்த கணமே உங்கள் மூளை யோசிப்பதை நிறுத்திவிடும். நகர்த்தல்களை மட்டும் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தை எழுதப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு ஆட்டம் கொஞ்சம் பழகிவிடும்.

இன்ஜின் வேண்டாம். அதற்கு இடம் கடைசியில் வரும்.

எந்த ஆட்டங்கள்

மனிதனும் கணினியும் மோதிய ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க முயன்றால் எதுவும் நிற்காது. ஐந்து போட்டித் தொடர்கள் போதும். 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் காஸ்பரோவ் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியை 4-2 என்று வென்றது. 1997 மே மாதம் நியூயார்க்கில் அதே இயந்திரத்தின் புதிய வடிவத்திடம் 2.5-3.5 என்று தோற்றது. 2002 அக்டோபரில் பஹ்ரைனில் உலகச் சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் நிரலோடு 4-4 என்று சமனாக முடித்தது. 2003 நவம்பரில் காஸ்பரோவ் எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு 2-2 என்று முடித்தது. 2006 நவம்பர், டிசம்பரில் பான் நகரில் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 2-4 என்று தோற்றது. 2005 ஜூனில் லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸ் ஹைட்ரா என்ற கணினியிடம் 0.5-5.5 என்று தோற்ற தொடரை ஆரம்பத்தில் தொடாதீர்கள். அதில் ஒரு பக்கம் அடி வாங்குவதை மட்டும்தான் பார்ப்பீர்கள். ஏன் என்று புரிந்துகொள்ள இன்னும் பயிற்சி வேண்டும்.

இவற்றைக் கால வரிசையில் படிக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. 1997-இல் தொடங்கினால் இயந்திரத்தின் மேல் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் ஒரு மனிதன் தன் திட்டத்தால் இயந்திரத்தைத் திணறடித்த ஆட்டத்தைப் பாருங்கள்.

முதல் மாலை: ஒரு சுவர், அதற்குப் பின்னால் ஒரு ராஜா

2003 எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் தொடரின் மூன்றாம் ஆட்டத்தை எடுங்கள். காஸ்பரோவுக்கு வெள்ளை. அந்தத் தொடரில் அவர் முன்னால் மரப்பலகையே இல்லை. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, திரையில் மிதக்கும் பலகையைப் பார்த்து, நகர்த்தலை வாயால் சொல்லி ஆடினார்.

பன்னிரண்டாம் நகர்த்தல் வரை வேகமாக ஆடிவிட்டு நிறுத்துங்கள். வெள்ளைச் சிப்பாய்கள் பி6, சி5, டி4, இ3 என்று படிக்கட்டாக நிற்கும். அவற்றை முட்டிக்கொண்டு கருப்புச் சிப்பாய்கள் பி7, சி6, டி5, இ4. இந்த எட்டில் ஒன்றும் அசைய முடியாது. பலகையை ஒரு சுவர் குறுக்காகப் பிரித்துவிட்டது. இப்போது பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுங்கள்: வெள்ளைக்கு எந்தப் பக்கம் இடம் அதிகம்? கருப்புக்கு எந்தப் பக்கம்? ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்தில் எந்தச் சிப்பாயை முன்னே தள்ள வேண்டும்?

ஐந்து நிமிடம் பார்த்தால் விடை தானே தெரியும். வெள்ளைக்கு ராணிப் பக்கம் இடம் இருக்கிறது; ஏ வரிசைச் சிப்பாய்தான் ஆயுதம். கருப்புக்கு ராஜா பக்கம். எஃப்7-இல் இருக்கும் சிப்பாயை எஃப்5, எஃப்4 என்று தள்ளிச் சுவரின் அடிக்கல்லை உடைக்க வேண்டும். ஓரளவு ஆடத் தெரிந்த எந்தச் சிறுவனும் இதைச் சொல்வான்.

இப்போது மீதி ஆட்டத்தை ஆடுங்கள். ஒவ்வொரு கருப்பு நகர்த்தலுக்கும் முன்னால் எஃப்7 சிப்பாயைப் பாருங்கள். நாற்பத்தைந்தாம் நகர்த்தலில் ஆட்டம் முடியும்போதும் அது எஃப்7-இலேயே நிற்கும். இயந்திரம் ராணியை எச்6-க்கு அனுப்பியது, மந்திரியை எச்4-க்கு அனுப்பியது, குதிரைகளை அங்கும் இங்கும் மாற்றியது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தவறில்லாத நகர்த்தல். ஆனால் எஃப்5 தள்ளி அதன் பலன் கிடைக்கப் பல நகர்த்தல்கள் ஆகும். அன்றைய நிரலின் கணக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. கணக்குக்குள் எதுவும் நடக்காதபோது எந்த நகர்த்தலும் அதற்கு ஒன்றுதான்.

அதே வேளையில் வெள்ளை என்ன செய்தது என்று பாருங்கள். பதினாறாம் நகர்த்தலில் குதிரை ஏ5 சிப்பாயை எடுத்தது. பிறகு வெள்ளை ராஜா காசிலிங் செய்யாமல், இ1-இலிருந்து டி1, சி1, பி2 என்று நிதானமாக நடந்து சுவருக்குப் பின்னால் குடிபோனது. அதன் பிறகே ஏ வரிசைச் சிப்பாய் ஏ4, ஏ5, ஏ6 என்று ஏறியது. இந்த ராஜா நடையை நான் மாணவர்களுக்குக் காட்டும்போது அவசரப்படுத்தவே மாட்டேன். எதிராளி ஒன்றும் செய்ய முடியாது என்று உறுதியாகத் தெரிந்தவன்தான் இப்படி நடப்பான்.

இந்த முறை புதிதல்ல. 1968-இல் டேவிட் லெவி என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரர், பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தன்னை ஒரு தொடரில் வெல்லாது என்று பந்தயம் கட்டினார். 1978-இல் செஸ் 4.7 என்ற நிரலை வென்று பந்தயத்தை ஜெயித்தார். அடிதடி இல்லாமல், நீண்ட நோக்கு தேவைப்படும் நிலைகளை உருவாக்குவதுதான் அவருடைய வழியும்.

தாளால் மறைத்து ஊகிப்பது

இனி வரும் ஆட்டங்களுக்கெல்லாம் இதே பழக்கம். குறிப்பைப் பாதித்தாளால் மறைத்து ஒவ்வொரு வரியாக இறக்குங்கள். முதல் பத்து நகர்த்தல்களுக்கு ஊகம் வேண்டாம். அதற்குப் பிறகு சாம்பியனின் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் யோசித்து, உங்கள் நகர்த்தலை எழுதிவிட்டு, தாளை இறக்கி, அவர் ஆடியதோடு ஒப்பிடுங்கள். ஓர் ஆட்டத்தில் நான்கைந்து இடங்களில் மட்டும் முழுதாக நின்று, யார் நன்றாக இருக்கிறார், எதனால், எந்தக் காய் மோசம், என் நகர்த்தல் என்ன என்ற நான்கையும் வாக்கியமாக எழுதுங்கள். "வெள்ளைக்குச் சற்று மேல்" என்று எழுதி முடிக்காதீர்கள். "கருப்பின் மந்திரிக்கு முன்னால் அதன் சிப்பாயே நிற்கிறது, அதனால் வெள்ளை மேல்" என்று காரணத்தோடு எழுதினால்தான் பின்னால் அதைச் சரிபார்க்க முடியும்.

எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை சரி என்று மதிப்பெண் போடத் தொடங்கியதும் பிள்ளைகள் அந்த மதிப்பெண்ணுக்காக ஆடுகிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான்.

இடையிடையே கணினியின் நகர்த்தலையும் ஊகித்துப் பாருங்கள். அதற்கு 1996 தொடரின் முதல் ஆட்டம் பொருத்தமானது. நடப்பு உலகச் சாம்பியன் ஒருவரை வழக்கமான நேரக் கட்டுப்பாட்டில் ஒரு கணினி வென்ற முதல் ஆட்டம் அது. இருபத்தைந்தாம் நகர்த்தலிலிருந்து கவனியுங்கள். காஸ்பரோவ் ராஜாவை எச்8-க்கு ஒதுக்கி, யானையை ஜி8-க்குக் கொண்டுவந்து, எஃப் வரிசைச் சிப்பாயைத் தள்ளி, வெள்ளை ராஜாவின் மேல் பாய்கிறார். உங்கள் கை தற்காப்புக்குத்தான் போகும். டீப் புளூ ராணியால் பி6 சிப்பாயையும், சற்றுப் பின்னால் குதிரையால் பி7 சிப்பாயையும் எடுத்தது. அந்தத் தாக்குதல் ஒரு நகர்த்தல் தாமதமாகத்தான் வந்து சேரும் என்று எண்ணிப் பார்த்திருந்தது. முப்பத்தேழாம் நகர்த்தலில் யானை எச்7-ஐ எடுத்துச் செக் கொடுத்தபோது காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காய்கள் மோதும் இடத்தில் இயந்திரம் எப்படி, சுவர் நிற்கும் இடத்தில் எப்படி என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்று மாலைகள்: 1997, இரண்டாம் ஆட்டம்

இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். முதல் மாலை, முப்பத்தாறாம் நகர்த்தலின் நிலை. பலகையில் வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி எஃப்2, யானைகள் ஏ1, ஏ2, மந்திரி சி2, சிப்பாய்கள் ஏ4, பி4, சி3, டி5, எஃப்5, ஜி2, எச்3. கருப்பு: ராஜா ஜி8, ராணி இ8, யானைகள் ஏ8, சி8, மந்திரி டி6, சிப்பாய்கள் ஏ6, பி5, சி4, இ5, எஃப்6, ஜி7, எச்6. வெள்ளை டீப் புளூ. நகர்த்த வேண்டியது வெள்ளை.

எல்லோர் கண்ணும் பி6 கட்டத்துக்குத்தான் போகும். ராணி அங்கே குதித்தால் சிப்பாய்கள் விழும். காய் எண்ணும் இயந்திரம் அதைத்தான் செய்யும் என்று அன்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இப்போது கருப்பின் பக்கம் போய் உட்காருங்கள். வெள்ளை ராணி பி6-க்குப் போனதும் முதலில் டி6 மந்திரிக்குக் காவல் வையுங்கள்; வெள்ளை சிப்பாய்களை எடுத்த பிறகு இ5 சிப்பாயை இ4-க்குத் தள்ளிப் பாருங்கள். அடைபட்டிருந்த கருப்பு மந்திரிக்கு வழி திறக்கிறது; கருப்பு ராணியும் மூச்சு விடுகிறது. இதை நீங்களே காய்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது.

டீப் புளூ ஏ வரிசையில் சிப்பாய்களைப் பரிமாறிவிட்டு, மந்திரியை இ4-இல் கொண்டுபோய் வைத்தது. கருப்பின் ஒரே கதவை அடைத்தது. எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அதை முதலில் மறுப்பது பெரிய ஆட்டக்காரர்களின் குணம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதைத்தான் அந்த இயந்திரம் செய்தது. நொடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்க்கும் இயந்திரம் அது. காஸ்பரோவ் அதிர்ந்துபோனார், இயந்திரத்தின் பதிவேடுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டார்.

இரண்டாம் மாலை, கடைசி நிலை. வெள்ளை: ராஜா எஃப்1, ராணி சி6, யானை ஏ6, மந்திரி இ4, சிப்பாய்கள் பி4, சி3, டி5, எஃப்5, ஜி2, எச்3. கருப்பு: ராஜா எஃப்7, ராணி பி6, யானை பி8, மந்திரி டி6, சிப்பாய்கள் பி5, சி4, இ5, எஃப்6, ஜி7, எச்6. வெள்ளை யானை இப்போதுதான் ஏ6-க்கு வந்து ராணியைத் தாக்குகிறது. நகர்த்த வேண்டியது கருப்பு. காஸ்பரோவ் இங்கே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

நான் சொல்லும் வரை மேலே படிக்காமல் அரை மணி நேரம் இந்த நிலையோடு உட்காருங்கள்.

ஒரு முறை வகுப்பில் இதை வைத்து, "காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலை" என்று சொல்லிவிட்டு விடை கேட்டேன். ஒருவரும் காயைத் தொடவில்லை. அடுத்த வாரம் வேறு குழுவுக்கு அதையே வைத்தேன். யார் ஆடியது என்று சொல்லவில்லை, "கருப்பு நகர்த்த வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். முன்பு கைப்பேசியை நீட்டிய அதே பெண் அந்தக் குழுவில் இருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து ராணியை பி6-இலிருந்து குறுக்குக் கோட்டிலேயே இழுத்துக்கொண்டுபோய் இ3-இல் வைத்தாள். "மந்திரி போய்விடுமே" என்றேன். "போகட்டும் சார். வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை" என்றாள்.

அதுதான் விடை. வெள்ளை ராணி டி6 மந்திரியை எடுத்தால் கருப்பு யானை இ8-க்கு வருகிறது. வெள்ளை தன் மந்திரியை எஃப்3-க்கு நகர்த்தினால் கருப்பு ராணி சி1-இல் செக், பிறகு டி2-இல் செக், எஃப்4-இல் செக் என்று ராஜாவைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. ஆட்டம் முடிந்தபின் ஆய்வாளர்கள் இந்த வழியைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நாற்பத்து நான்காம் நகர்த்தலில் வெள்ளை ராஜா எஃப்1-க்கு வராமல் எச்1-க்குப் போயிருந்தால் இந்தத் தொந்தரவே இல்லை. ஆக இயந்திரமும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் இயந்திரம் பார்க்காமல் இருக்காது என்று காஸ்பரோவ் நம்பிவிட்டார். அவ்வளவு துல்லியமாக ஆடிய ஒன்று, தொடர் செக்குக்கு வழி விட்டிருக்காது என்று நினைத்துத் தேடாமலே எழுந்துவிட்டார். உலகத்தில் அன்று அவரைவிட நன்றாகக் கணக்கிடும் மனிதர் இல்லை.

மூன்றாம் மாலை புதிய ஆட்டம் எதுவும் எடுக்காதீர்கள். முதல் நகர்த்தலிலிருந்து இதே ஆட்டத்தை மறுபடி ஆடி, இரண்டு மாலை எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். எந்த இடத்தில் "இயந்திரம் ஆடிவிட்டது, சரியாகத்தான் இருக்கும்" என்று நினைத்துத் தாண்டிப் போனீர்கள் என்று கோடிடுங்கள். எனக்கு முதல் தடவை ஏழு இடங்கள் இருந்தன.

முந்தைய நாளின் ஆட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். அதில் நாற்பத்து நான்காம் நகர்த்தலில் டீப் புளூ யானையை டி1-க்குக் கொண்டுபோனது. அதற்கு ஒரு பயனும் தெரியவில்லை. மனிதர் எட்டாத ஆழத்தில் எதையோ பார்த்திருக்கிறது என்று காஸ்பரோவின் தரப்பில் நினைத்தார்கள். நிரலில் ஏற்பட்ட பிழையால் வந்த நகர்த்தல் அது என்று இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மர்ரே கேம்ப்பெல் பின்னாளில் சொன்னார்.

ஆறாம் ஆட்டம் பத்தொன்பது நகர்த்தல்தான். காரோ-கான் தற்காப்பில் ஏழாவதாக எச் வரிசைச் சிப்பாயைக் காஸ்பரோவ் எச்6-க்குத் தள்ள, வெள்ளைக் குதிரை இ6 சிப்பாயை எடுத்துக்கொண்டு விழுந்தது. அந்தத் தியாகம் இயந்திரத்தின் தொடக்க நூலிலேயே, அதாவது முன்கூட்டியே சேர்த்து வைத்த தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பிலேயே, எழுதி வைக்கப்பட்டிருந்தது, கணக்கிட்டு வந்ததல்ல. இந்த ஆட்டத்துக்கு அரை மணி நேரம் போதும்.

நிபந்தனைகளையும் படியுங்கள்

நகர்த்தல்களை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒவ்வொரு தொடருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுதுங்கள். 1997-இல் டீப் புளூவின் அணியிடம் காஸ்பரோவின் வாழ்நாள் ஆட்டங்கள் இருந்தன. ஜோயல் பெஞ்சமின் என்ற கிராண்ட்மாஸ்டர் உதவிக்கு இருந்தார். புதிய டீப் புளூவின் ஆட்டம் ஒன்றுகூடக் காஸ்பரோவிடம் இல்லை. 2002-இல் கிராம்னிக், தான் எதிர்கொள்ளப்போகும் நிரலை முன்கூட்டியே வாங்கிப் பழகினார். 2006-இல் ஃபிரிட்ஸ் தொடக்க நூலிலிருந்து ஆடும் வரை அந்த நூலின் பக்கத்தைத் திரையில் பார்க்க அவருக்கு அனுமதி இருந்தது. இவற்றை எழுதிய பிறகு ஆட்டங்களைப் பார்த்தால், யார் எங்கே தயங்கினார் என்பதற்கு அர்த்தம் கிடைக்கும்.

கையைத் தூக்கும் முன்

2006 தொடரின் இரண்டாம் ஆட்டம் வேறொரு பாடத்துக்காக. கிராம்னிக்குக் கருப்பு, நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். முப்பத்து நான்காம் நகர்த்தலில் ராணியை இ3-க்கு நகர்த்தி, ராணிகளைப் பரிமாறலாம் என்று முன்வந்தார். வெள்ளை ராணி இ4-இலிருந்து எச்7-க்கு வந்தது. செக்மேட். எஃப்8-இல் நின்ற வெள்ளைக் குதிரை எச்7 கட்டத்துக்குக் காவலாக இருந்தது.

ஒரே நகர்த்தலில் வரும் மேட்டை உலகச் சாம்பியன் பார்க்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளை நான் நிறுத்திவிடுவேன். எட்டாவது வரிசையில், கருப்பின் வீட்டுக்குள்ளேயே போய் நிற்கும் ஒரு குதிரை, பின்னோக்கி ஒரு கட்டத்தைக் காக்கிறது. ஆட்டங்களில் அந்த உருவம் மிக அரிதாகத்தான் வரும். கண் பழக்கத்தில் இல்லாததைக் கண் தாண்டிவிடுகிறது. அந்தக் கடைசி நிலையை வைத்து இதைப் பழகுங்கள்: நகர்த்தலை முடிவு செய்த பின், கையைத் தூக்கும் முன், எதிராளி கொடுக்கக்கூடிய எல்லாச் செக்குகளையும் ஒன்று விடாமல் மனத்தில் சொல்லுங்கள். அபத்தமானவற்றையும் சேர்த்து. என் மாணவர்களை முதல் ஒரு மாதம் வாய்விட்டே சொல்ல வைக்கிறேன்.

இனி இன்ஜினைத் திறக்கலாம்

ஓர் ஆட்டத்தை முடித்து, குறைந்தது ஓர் இரவு கழிந்த பிறகு திறங்கள். முழு ஆட்டத்தையும் அதில் ஏற்றி வரைபடம் பார்க்காதீர்கள். நோட்டில் நீங்கள் வாக்கியம் எழுதிய இடங்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த நிலையை வையுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் மதிப்பை எழுதியிருக்க வேண்டும்.

எண் உங்கள் மதிப்போடு ஒத்துப்போனால் அடுத்த நிலைக்குப் போங்கள். மாறுபட்டால்தான் வேலை. இன்ஜின் சொல்லும் நகர்த்தலைப் பலகையில் ஆடி, அதற்கு உங்களுக்குத் தோன்றும் மிகச் சிறந்த பதிலை நீங்கள் ஆடி, அது எப்படி அதை மறுக்கிறது என்று பாருங்கள். மறுப்பு புரிந்த பிறகு உங்கள் பழைய வாக்கியத்தை அடிக்காமல், அதன் கீழே புதிய வாக்கியத்தை எழுதுங்கள். இன்றைய இன்ஜின்கள் டீப் புளூவைவிட மிகவும் வலிமையானவை. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினில், ஏராளமான நிலைகளிலிருந்து மதிப்பிடக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு சேர்ந்த பிறகு, சுவர் நிற்கும் நிலைகளிலும் பழைய தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆகவே அது காட்டும் எண்ணை மதியுங்கள். ஆனால் அந்த எண்ணுக்குக் காரணத்தை அது உங்களிடம் சொல்லப்போவதில்லை. அந்தக் காரணத்தை எழுத வேண்டியது நீங்கள்தான்.

பிறகு, முதல் மாலை பார்த்த சுவர் நிலையை வைத்து நீங்கள் வெள்ளையாகவும் இன்ஜின் கருப்பாகவும் ஆடுங்கள். எஃப் வரிசைச் சிப்பாயை இன்றைய இன்ஜின் சும்மா விட்டுவைக்காது. காஸ்பரோவ் சந்திக்காத எதிர்ப்பை நீங்கள் சந்திப்பீர்கள். தோற்பீர்கள். எந்த நகர்த்தலில் உங்கள் ராஜா நடை நின்றுபோனது என்று குறித்துக்கொண்டு மறுபடி வையுங்கள். நகர்த்தலைத் திரும்ப எடுக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அடுத்து 1997 இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிலையில் நீங்கள் கருப்பாக உட்கார்ந்து, ராணியை இ3-இல் வைத்துத் தொடருங்கள். அந்தப் பெண் இதை ஒரு மாதம் ஆடினாள். அவளுடைய நோட்டில் இந்த ஒரு நிலைக்கு மட்டும் பதினோரு பக்கம் இருக்கிறது.

இவ்வளவும் முடித்தவர்கள் 2002 பஹ்ரைன் தொடருக்குப் போகலாம். முதல் ஆட்டத்தில் தொடங்காமல் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களை முதலில் எடுங்கள். இரண்டிலும் கிராம்னிக் வென்றார். ராணிகள் பலகையிலிருந்து எத்தனையாவது நகர்த்தலில் வெளியேறின என்பதை முதல் வரியில் எழுதிவிட்டு, பாதித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.